மோர்க்காரி வந்தால் கதவைச் சாத்து

1972-ல் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை ஏறி நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று இரண்டு படங்கள் வந்தன. இரண்டையும் இயக்கியவர் கர்ணன். என் வயசுக்காரர்கள் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன் மேல் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். கௌபாய் படம் என்று பெயர். கௌபாய் என்றால் மாட்டுக்காரப் பையன் என்றுதானே அர்த்தம்? அந்தப் படங்களில் குதிரை ஓடியது எனக்கு நினைவிருக்கிறது, துப்பாக்கி வெடித்தது நினைவிருக்கிறது. யாராவது ஒரு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதாகவோ, பால் கறந்ததாகவோ நினைவில்லை. கால்நடைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இப்படித்தான் யோசனை போகும்.

அமெரிக்காவில் அந்த மாட்டுப் பண்ணை ஊர்களை வைத்து, சண்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, காதல் குழப்பங்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதிய நாவல்களும் உண்டு. பி.எம். பவர் என்பவர் 1906-ல் எழுதிய ‘சிப் ஆஃப் தி ஃப்ளையிங் யூ’ அந்த வகை. மொன்டானா மாநிலத்து மாட்டுப் பண்ணை ஒன்றுக்கு ஒரு லேடி டாக்டர் வந்து சேர்கிறாள். அதற்கப்புறம் பண்ணை ஆட்கள் படும் பாடுதான் கதை. பி.எம். பவர் என்ற பெயரைப் பார்த்து ஆண் என்று நினைப்போம். பெர்த்தா என்ற பெண்மணி அவர். பண்ணை வாழ்க்கையை நேரில் அறிந்தவர் என்பது மாடுகளைப் பற்றி எழுதும் இடங்களில் தெரியும்.

தமிழில் அப்படி ஒன்று உண்டா என்றால், உண்டு. மாடு கட்டும் ஊர், சிக்கலான காதல், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு, எல்லாம் உண்டு. கலித்தொகையில் இருக்கும் முல்லைக்கலியைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், பாட்டு ஒன்றையும் இங்கே எடுத்துப் போடப் போவதில்லை. கதையை மட்டும் சொல்கிறேன்.

கலித்தொகையில் கடவுள் வாழ்த்தோடு சேர்த்து 150 பாட்டு. அதில் 101 முதல் 117 வரை உள்ள 17 பாட்டு முல்லைக்கலி. பாடியவர் சோழன் நல்லுருத்திரன் என்பது மரபு. ஓலையிலிருந்து இதை முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை, வருஷம் 1887. எட்டுத்தொகையில் மற்ற நூல்களுக்குக் கலித்தொகை பிந்தியது என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. பாட்டுக்குள் வாழ்த்துப் பெறுபவன் பாண்டியன். ஆகவே இது நம் தகடூர்ச் சீமையில் பாடியது என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம். ஆனால் மாடு எந்தச் சீமையிலும் மாடுதான். பிரசவித்த பசு மதுரையில் எப்படிப் பாயுமோ அப்படித்தான் மத்தூரிலும் பாயும்.

பள்ளிக்கூடத்தில் முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும், பொழுது மாலை, காலம் கார், ஒழுக்கம் இருத்தல் என்று மனப்பாடம் செய்தோம். இருத்தல் என்றால், போருக்குப் போன கணவன் மழைக்காலத்தில் வருவான் என்று மனைவி பொறுமையாகக் காத்திருப்பது. மற்றத் தொகைகளில் முல்லைப் பாட்டு பெரும்பாலும் அப்படித்தான். முல்லைக்கலிக்குள் நுழைந்தால் யாருக்கும் காத்திருக்க நேரமில்லை. மாடு கறக்க வேண்டும், கன்றைக் கட்ட வேண்டும், மோர் விற்கப் போக வேண்டும். நடுவழியில் ஒருத்தன் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வம்பு செய்கிறான். அவளும் வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை.

இந்த ஊரில் மூன்று வகை ஆயர் இருக்கிறார்கள். பசு வைத்திருப்பவர் கோவினத்து ஆயர். எருமை வைத்திருப்பவர் கோட்டினத்து ஆயர். ஆடு வைத்திருப்பவர் புல்லினத்து ஆயர். எல்லாரும் ஒரே தொழில்காரர்கள்தான், ஆனால் மேலே கீழே என்ற கணக்கு அங்கேயும் இருக்கிறது. 113-ஆம் பாட்டில் ஒருத்தன் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறான். ஆட்டுக்காரன் அவன். அவளோ, நாங்கள் குடம் குடமாகக் கறக்கும் பசுக்காரர் வீடாக்கும் என்று ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

இதைப் படித்துச் சத்தமாகவே சிரித்தேன். என் உத்தியோக காலத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஜெர்சிக் கலப்பின மாடுகள் வந்த புதிதில், ஜெர்சி கட்டியவர் நாட்டு மாட்டுக்காரரோடு பேசுகிற தோரணையே வேறு. நாட்டு மாட்டுக்காரர் எருமைக்காரரைப் பார்ப்பார். எல்லாரும் சேர்ந்து ஆட்டுக்காரரைப் பார்ப்பார்கள். முகாம் போட்டால் ஆட்டுக்காரர்தான் கடைசி வரிசை. இப்போது நிலவரம் மாறிவிட்டது. பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், கிடாய் விலையைக் கேட்டால் பசுக்காரர் வாய் திறக்க மாட்டார். அந்தப் பெண் இன்றைக்குப் பிறந்திருந்தால் ஆட்டுக்காரப் பையனைக் கொஞ்சம் யோசித்துத்தான் தட்டியிருப்பாள்.

ஏறு தழுவுதலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017 மெரினா போராட்டத்தில் தொடங்கி எல்லா மேடையிலும் முல்லைக்கலியைத்தான் சான்றாகக் காட்டினார்கள், உச்ச நீதிமன்றமும் 2023 மே மாதம் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. கொம்புக்குப் பயந்தவனை ஆய்ச்சி மறு பிறப்பிலும் தொட மாட்டாள் என்ற கருத்து 103-ஆம் பாட்டில் வருவது. மேடையில் இதை முழங்குவார்கள், கைதட்டல் கிடைக்கும். குடல் சரிந்து விழுந்தவர்களையும் அதே புலவர் மறைக்காமல் பாடியிருக்கிறார், அதை யாரும் முழங்குவதில்லை.

எனக்குப் பிடித்தது காளைகளின் வர்ணனை. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுழி. அதைப் பார்த்தால் திருமால் வாயில் சங்கை வைத்தது மாதிரி இருக்கிறதாம். சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசும் தரகர்களைக் கேளுங்கள். அவர்களும் முதலில் பார்ப்பது சுழியைத்தான்.

ஏறு தழுவும் இடத்திலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவில் கொம்பில் அலங்காரம் கட்டி ஓட விடுவார்கள், பறிக்கிறவனுக்குப் பரிசு. 107-ஆம் பாட்டில் நடப்பது தலைகீழ். மாட்டை அடக்க வந்தவன் தலையில் சூடியிருந்த பூவை மாடு கொம்பில் மாட்டிக்கொண்டு துள்ளுகிறது. பூ பறந்து போய் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கூந்தலில் விழுகிறது. அவள் என்ன செய்ய வேண்டும்? தட்டிவிட வேண்டும். தொலைந்துபோன பொருள் திரும்பக் கிடைத்தவள் மாதிரி எடுத்து முடிந்துகொள்கிறாள். அப்புறம்தான் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதாமே என்று உதறல் எடுக்கிறது. தோழி அலட்டிக்கொள்ளவில்லை. தெரிந்தால் என்ன, அவன் பூதானே அது என்கிறாள். மாடே தரகு வேலை பார்த்த கல்யாணம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இனி மோர்க்காரி. 109-ஆம் பாட்டு.

அவள் தலையில் சும்மாடு. பாட்டில் அதற்குப் பெயர் சுமடு. அது சரியாகக்கூட மடிக்கப்படவில்லை. ஒரு கையை வீசிக்கொண்டு, இன்னொரு கையால் தானியம் வாங்கும் கூடையை அணைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். அந்தக் கூடைக்கு அன்றைக்கு வட்டி என்று பெயர். இன்று வட்டி என்றால் நமக்கு வேறு ஞாபகம் வருகிறது. அவள் அழகைப் பார்த்தால் மன்மதனே ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவான் என்று ஒரு பக்கம் ஆண்கள் உருகுகிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் மன்மதனைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவர்கள் கவலை எல்லாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான். இவளிடம் மோர் வாங்க வேண்டாம், நாங்கள் மாங்காய்க் காடி ஊற்றித் தருகிறோம், நீ போ தாயே என்று அவளை விரட்டுகிறார்கள். புருஷன்மாரை வெளியே விடாமல் நாள் முழுவதும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

ஒரு மோர்க்காரி வந்தால் ஊரே அடைப்பு. இதைவிட ஒரு நகைச்சுவைக் காட்சியை எந்த நாவலாசிரியர் எழுதிவிட முடியும்? அதுவும் அந்த மாங்காய்க் காடி. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் ருசி முழுசாகத் தெரியாது. சந்தூர் மாங்கன்று நர்சரிகளுக்கும், மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்குத் தெரியும். நம்மூர்ப் பெண்கள் மாங்காயை நம்பிக் கதவைச் சாத்தினால் வருஷம் முழுக்கத் திறக்க வேண்டியதில்லை.

சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அவள் கையில் இருந்த கூடை ஒரு சரித்திர ஆவணம். மோரைக் கொடுத்துத் தானியம் வாங்குகிறாள். பெரும்பாணாற்றுப்படையில் இதே தொழில் செய்யும் இன்னொரு ஆய்ச்சி வருகிறாள். அது காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு, நம் பக்கத்துக்குக் கொஞ்சம் கிட்டம். விடியற்காலையில் தயிர் கடைந்து, மோரைத் தானியத்துக்கு மாற்றி, வீட்டாருக்குச் சோறு போடுகிறாள். நெய் விற்ற கணக்கில் பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். எருமையாக, பசுவாக, கிடாரியாகத்தான் வாங்குவாள். கிடாரிக்கு அன்று நாகு என்று பெயர். பொன் குட்டி போடாது, கிடாரி போடும் என்ற கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாங்கி மேனேஜர்களோடு கடன் மேளாக்களில் உட்கார்ந்து எழுந்தவன் நான். அவளைவிடத் தெளிவாக யாரும் கணக்குச் சொல்லிக் கேட்டதில்லை.

என் ஆயாவும் மோர் விற்றவள்தான். பானையைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தே போவாள். ராகிக்கும் மிளகாய்க்கும் மாற்றிக்கொண்டு வந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவளைக் கண்டு யாரும் கதவைச் சாத்தியதாக வரலாறு இல்லை. இதை ஒருமுறை என் அப்பாவிடம் சொல்லித் திட்டு வாங்கினேன்.

அந்த மோர்க்காரிகள் எங்கே போனார்கள்? சிலர் காப்பி டீயைக் காரணம் சொல்கிறார்கள். என் கணக்குப்படி காரணம் பால் சொசைட்டி. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது, 1981-ல் தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் வந்தது. காலை ஆறு மணிக்கும் சாயங்காலமும் கேன் வந்து நிற்கிறது. கறந்த பால் கறந்த சூட்டிலேயே போய்விடுகிறது. உறைக்கு ஊற்ற வீட்டில் பால் மிஞ்சினால்தானே தயிர், தயிர் இருந்தால்தானே மத்து, மத்து இருந்தால்தானே மோர்? கையில் காசு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். குறை சொல்ல மாட்டேன், அந்தத் திட்டத்துக்காக ஊர் ஊராகச் சினை ஊசியோடு சைக்கிள் மிதித்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் மத்தும் உறியும் பரணுக்குப் போய்விட்டன. மத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்கு 110-ஆம் பாட்டை விளங்கவைக்கப் பாதி நேரம் போய்விடுகிறது.

ஏனென்றால் அந்தப் பாட்டில் காதலே மத்தும் மோருமாகத்தான் பேசுகிறது. ஒருத்தன் வந்து குழைகிறான். மோர் கேட்டால் சும்மா ஊற்றுகிறவள், வெண்ணெய் கேட்டாலும் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தாயோ என்று அவள் மடக்குகிறாள். கேட்டானே ஒரு கேள்வி என்று அவன் போய்விடவில்லை. மத்தில் சுற்றிய கயிறு மாதிரி என் நெஞ்சு உன்னையே சுற்றிச் சுழல்கிறது என்கிறான். விடிந்த பிறகும் மேயப் போகாமல், தொழுவத்துக்குள் அடைபட்ட கன்றையே சுற்றிச் சுற்றி வரும் இளம் பசு மாதிரி இருக்கிறேன் என்கிறான்.

மாட்டு டாக்டராகச் சொல்கிறேன், இது ஏட்டைப் பார்த்து எழுதிய உவமை இல்லை. தலைச்சன் ஈன்ற மாட்டைக் கன்றை விட்டுப் பிரித்து மந்தைக்கு ஓட்டிப் பாருங்கள். பத்தடி போகும், திரும்பும், கத்தும். (நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லாரையும் மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் மறுத்ததில்லை.) 116-ஆம் பாட்டில் கன்றோடு போகிற பெண்ணின் கயிற்றை ஒருத்தன் பிடித்துக்கொள்கிறான். நீ என்ன பைத்தியமா, விடு என்கிறாள். தொட வருகிறவர்கள் மேல் பாயும் முரட்டுக் கிடாரி மாதிரி பார்க்கிறாயே என்கிறான் அவன். கன்றுக்குப் பக்கத்தில் போனவன் மேல் ஈன்ற பசு பாய்கிற மாதிரி எங்கம்மா வந்துவிடுவாள், ஓடிவிடு என்கிறாள் இவள். காதலி கிடாரி, மாமியார் ஈன்ற பசு. ஈன்ற பசுவிடம் முட்டு வாங்கி, தொடையில் ஆறு தையல் போட்டுக்கொண்டவன் என்ற முறையில், அந்தப் பெண்ணின் எச்சரிக்கையை அவன் மதித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

111-ஆம் பாட்டுப் பெண் இன்னும் கெட்டிக்காரி. பால் கறந்து, கன்றுகளைக் கட்டி, வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தோழிகளோடு மணல்வீடு கட்டி விளையாடப் போகிறாள். ஒருத்தன் வந்து, உன் மணல்வீட்டை நான் கட்டித் தரட்டுமா என்கிறான். அடுத்தவன் கட்டிக் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறவனாயிற்றே நீ, உனக்கு என்ன தெரியும் என்கிறாள். பூ வைத்து விடட்டுமா என்கிறான். அதற்கும் வெட்டு. தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதட்டுமா என்கிறான். அதற்கும் வெட்டு. பையன் வாடிப்போய்த் திரும்பிவிடுகிறான். அப்புறம் இவள் தோழியிடம் வந்து, அம்மா அப்பா காதில் நீ எப்படியாவது போட்டுவிட்டால் என் நோய் தீர்ந்துவிடும் என்கிறாள். மூன்று தடவை மூக்கறுத்தவளுக்குத்தான் நோய்.

இனி, சிரித்துக்கொண்டே போனவனைக் கொஞ்சம் நிறுத்திய இரண்டு பாட்டுகள்.

114-ல் ஒரு வீட்டில் கல்யாண ஏற்பாடு நடக்கிறது. முற்றத்தில் மணல் பரப்பி, சுவருக்குச் செம்மண் பூசி, தடபுடல். வீட்டார் பார்த்த மாப்பிள்ளை வேறொருவன். ஆற்றங்கரையில் சின்னதாக மணல்வீடு கட்டி விளையாடியபோதே ஒருவனோடு மனசுக்குள் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. இந்த உலகமே கிடைத்தாலும் ஒருத்திக்கு இரண்டு கல்யாணம் ஆயர் குடிக்கு வழக்கம் இல்லை என்கிறாள். இங்கே வேடிக்கை இல்லை.

115-ல் அது அவிழ்கிறது. ஒவ்வொன்றும் தனிப்பாட்டுத்தான், ஒரே ஆட்களின் கதை என்று புலவர் சொல்லவில்லை. நானாக நாவல் மாதிரி சேர்த்துப் படித்துக்கொள்கிறேன். திருட்டுத்தனமாகக் கள் குடித்தவன் தானே உளறிக் காட்டிக்கொடுத்துக்கொள்வான் அல்லவா, அந்த மாதிரி எங்கள் ரகசியமும் வெளிப்பட்டது என்று தொடங்குகிறாள் பெண். அவன் சூடியிருந்த முல்லைப் பூவைக் கூந்தலுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அம்மா வெண்ணெய் தடவலாம் என்று கூந்தலை அவிழ்க்க, பூ அம்மாவின் முன்னாலேயே விழுந்துவிட்டது. அம்மா எதுவும் கேட்கவில்லை, திட்டவில்லை. நெருப்பைத் தொட்டவள் போலக் கையை உதறிக்கொண்டு, எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். இவள் கூந்தலை முடிந்துகொண்டு, தரையில் புரளும் நீலச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். தோழி வந்து சொல்கிறாள்: பயப்படாதே, உன்னை அவனுக்கே கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள், முற்றத்தில் மணல் பரப்பியாகிவிட்டது.

அந்தப் பூவைச் சூடி வந்தவன் யார் தெரியுமா? புல்லினத்து ஆயர் மகன். நம் ஆட்டுக்காரப் பையன்.

இதைப் படித்த அன்று நான் மேற்கொண்டு படிக்கவில்லை. பக்கத்துத் தருமபுரியில் 2012 நவம்பர் மாதம், சாதி கடந்த ஒரு கல்யாணத்தை ஒட்டி, நத்தம் காலனியும் அதையொட்டிய குடியிருப்புகளும் எரிந்ததை நாம் எல்லாரும் அறிவோம். அடுத்த ஜூலையில் அந்த இளைஞரின் உடல் ரயில் பாதை ஓரம் கிடைத்ததையும் அறிவோம். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு அதற்குப் பிறகும் மாடு பார்க்கப் போயிருக்கிறேன். தொழுவத்தில் உட்கார்ந்து எல்லாக் கதையும் பேசும் மனிதர்கள் அந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போனார்கள். முல்லைக்கலியை அதனோடு ஒப்பிட்டுப் பழங்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பசுக்காரர் வீட்டுக்கும் ஆட்டுக்காரர் வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலி தாண்டக்கூடிய உயரத்தில் இருந்த வேலிதான். அதைவிட உயர்ந்த வேலியைத் தாண்டிய கதை ஒன்றும் இந்தப் பதினேழில் இல்லை. ஆனால் கையை உதறிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போன அந்த அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை.

இலக்கணக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பாட்டுகள் கொஞ்சம் சங்கடமாகவே இருந்திருக்கும். ஏவல் செய்பவர், உழைத்துப் பிழைப்பவர் இவர்களின் காதலை ஐந்திணைக்குப் புறத்தே வைத்துக்கொள்ளலாம், தடையில்லை என்கிறது தொல்காப்பியம். அதாவது கூடத்தில் இடமில்லை, திண்ணையில் உட்காரலாம். கலித்தொகையில் இப்படிப்பட்ட சில பாட்டுகளுக்கு உரைகாரர் இந்த விதியைத்தான் காட்டுகிறார். பெரிய இடத்துக் காதல் என்றால் ஏக்கம், பெருமூச்சு. உழைக்கிறவர் காதல் என்றால் சிரிப்பு. இது ஒரு வகைத் தாழ்த்தல்தான் என்று கோபப்படலாம். எனக்குக் கோபம் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தான் வாய்விட்டுப் பேசியிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் மாட்டின் சரித்திரம் கல்லில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கம் ஏரிக்கரை, புளியந்தோப்பு என்று எங்கே பார்த்தாலும் நடுகல். தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனிப் புத்தகமே போட்டது. பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர், தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி. தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல். வேலையாய் ஊர் ஊராகப் போகும்போது இந்தக் கற்களை நிறையப் பார்த்திருக்கிறேன், சிலவற்றுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள், ஒன்றில் மாட்டைக் கட்டியிருந்தார்கள். அவற்றில் பெண் உருவம் வந்தால் பெரும்பாலும் வீரனை மேலுலகத்துக்குத் தூக்கிப் போகும் தேவமகளாகத்தான் வருவாள். அந்த மந்தையைக் கறந்தவள், கடைந்தவள், சும்மாடு வைத்து விற்றவள் கல்லில் இல்லை. மாட்டுக்காகச் செத்தவன் பெயர் கல்லில் நிற்கிறது. மாட்டை வைத்துப் பிழைத்தவள் இந்தத் திண்ணைப் பாட்டுகளில்தான் இருக்கிறாள். பெயர் இல்லாமல்தான் இருக்கிறாள், ஆனால் வாய் இருக்கிறது.

இப்போது காலை ஷிஃப்டுக்குச் சிப்காட் பஸ்கள் போகும்போது பாருங்கள். ஷூ கம்பெனிக்கும் ஸ்கூட்டர் கம்பெனிக்கும் போகிற பெண் பிள்ளைகள் சன்னலோரம் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டு போவார்கள். பின்னாலேயே பைக்கில் ஒரு பையன் போவான். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் வம்சம்.

போன மாதம் எங்கள் தெரு முனைப் பால் சொசைட்டியில், கேன் வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், 115-ஆம் பாட்டின் கதையை அங்கிருந்த ஓர் ஆயாவிடம் சொன்னேன். எழுபத்தைந்து வயதிருக்கும், இரண்டு எருமை வைத்திருக்கிறாள். பூ விழுந்ததும் அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கொல்லைப் பக்கம் போனதைச் சொல்லி, உரைகாரர் என்ன சொல்கிறார் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். ஆயா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது எதுக்கு சார் வெளக்கம்? சிரிக்கத்தான் போயிருப்பா. புள்ள முன்னாடி சிரிச்சா மருவாதி போயிடும்ல?”

வண்டி வந்துவிட்டது. தன் பாலில் தண்ணீர் காட்டுகிறது என்று எழுதிவிட்டார்களாம், அதைக் கேட்கக் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.